குடோனுக்குக் கரண்ட் வந்த கதை: வேலை நடுவில் இயந்திரம் நின்றால் வியாபாரி என்ன செய்வது?

புதுக் கடையோ குடோனோ கட்டும் நமது வியாபாரிகள் செங்கல் எத்தனை லோடு, சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன் என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பார்கள். ஒரு மூட்டை சிமெண்ட் குறைந்தாலும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆனால் அதே மதிப்பீட்டுத் தாளின் கடைசியில் 'எலக்ட்ரிக் வேலை' என்று ஒற்றை வரி இருக்கும். எதிரே ஒரு மொத்தத் தொகை. அவ்வளவுதான். கட்டிடம் முடிந்து, வெள்ளை அடித்து, பால் காய்ச்ச நாளும் பார்த்த பிறகு, அந்த ஒற்றை வரிதான் நம்மைத் தெருவில் நிறுத்தும்.

நாமும் அப்படி நின்றவர்கள்தான். 2018ஆம் ஆண்டு பெரம்பலூர் - அரியலூர் சாலையோரம் ஆறு வியாபாரிகள் சேர்ந்து ஒரு குடோன் போட்டோம். நாற்பத்தைந்து நாளில் முடியும் என்ற மின் வேலை தொண்ணூற்று மூன்று நாள் இழுத்தது. தீபாவளி போயிற்று, கார்த்திகை போயிற்று, மார்கழி பிறந்த பிறகுதான் மீட்டர் ஓடியது. இதைப் பலமுறை வாய்வழியாகச் சொல்லியாயிற்று. கட்டிட வேலையில் இறங்கும் உறுப்பினர்கள் தொடர்ந்து கேட்பதால் எழுத்தில் தருகிறோம். நாம் செய்த தவறுகளையும் மறைக்கவில்லை. அவற்றில் ஒன்று ஓர் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

திட்டம் போட்ட விதம்

நம் பகுதி வியாபாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. அரியலூர் பக்கம் முந்திரி, கரும்பு, அதற்கு மேல் சிமெண்ட் லாரிகள். எங்கள் ஆறு பேரில் இருவருக்கு வெங்காய மண்டி, மூவருக்கு மளிகை மொத்த வியாபாரம், ஒருவருக்குத் தீவனக் கடை. வெங்காயத்துக்குக் காற்றோட்டம் வேண்டும், பருப்பு உடைக்க, சலிக்க, மாவு அரைக்க மிஷின் வேண்டும். மின்வாரியம் பார்த்துச் சொன்ன யோசனை, 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று தனியாக நிறுத்துவது. மூன்று பேஸில் கணக்குப் போட்டால் முழுச் சுமையில் ஒரு பேஸுக்குச் சுமார் 84 ஆம்பியர். எங்களுக்குத் தாராளம்.

(அப்போது டான்ஜெட்கோ என்ற பெயர். 1957 முதல் தமிழ்நாடு மின்சார வாரியம், 2010 முதல் டான்ஜெட்கோ, 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எத்தனை மாறினாலும் கடைத்தெருவில் அது ஈ.பி.தான். இக்கட்டுரையிலும் வாரியம் என்றே எழுதுகிறோம்.)

செலவை நாங்களே ஏற்று, லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம் வேலையைச் செய்து, வாரியத்தின் மேற்பார்வையில் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. ஒன்பது மீட்டர் கம்பம் ஏழு, டிரான்ஸ்பார்மர், அதற்கான மேடை, உள்ளே வயரிங். புரட்டாசி முதல் தேதி, அதாவது செப்டம்பர் 17 அன்று வேலை தொடங்கியது. தீபாவளி அந்த வருடம் நவம்பர் 6. நவம்பர் முதல் தேதி மின்சாரம் வந்துவிடும் என்று நம்பித் துவரம் பருப்பும் உளுந்தும் முன்கூட்டியே கொள்முதல் செய்து இறக்கிவிட்டோம். பாங்கி வட்டி அன்றிலிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டது. இது முதல் தவறு. ஆர்டர் போட்டது கரண்டை நம்பி அல்ல, கரண்ட் வரும் என்று சொன்ன வாயை நம்பி.

மூன்றாவது குழியில் உடைந்த துளையிடும் கருவி

டிராக்டரில் பூட்டிய துளையிடும் கருவி கொண்டு குழி போட்டார்கள். முதல் இரண்டு குழி கரிசல் மண்ணில் அரை மணிக்கு ஒன்றாக முடிந்தது. மூன்றாவது குழியில் மூன்றடி போனதும் 'கடக்' என்று ஒரு சத்தம். பல் தேய்ந்து, தண்டின் பின் முறிந்துவிட்டது. கீழே சுண்ணாம்புப் பாறை.

அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள் ஏன் வரிசையாக நிற்கின்றன என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் அடிமண்தான் நம் காலடியில் சுண்ணாம்புக் கல்லாகக் கிடக்கிறது. சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அன்று எங்கள் குழியிலிருந்தும் கல்லாகிப் போன கிளிஞ்சல்கள் இரண்டு வெளியே வந்தன. கூலி வேலைக்கு வந்த பெண்மணியின் பையன் அவற்றை எடுத்துக்கொண்டான். அந்தக் குழியில் லாபம் பார்த்தவன் அவன் ஒருவனே. இத்தனையும் தெரிந்திருந்தும், துளை போடுவதற்கு முன் இரண்டு இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உதிரி பாகம் வாங்க ஓட்டுநர் திருச்சிக்குப் போனார். முதல் நாள் கடை அடைப்பு, இரண்டாம் நாள் அளவு சரியில்லை. நாங்கள் மாற்றி மாற்றிப் போனில் சத்தம் போட்டோம். எங்களில் மூத்தவர், தீவனக் கடைக்காரர், மட்டும் ஒன்றும் பேசாமல் பக்கத்து ஊரிலிருந்து நான்கு ஆட்களைக் கூட்டி வந்தார். கடப்பாரை, உளி, சம்மட்டி. ஒரு குழிக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. ஆனாலும் கருவி திரும்பி வருவதற்குள் இரண்டு குழி முடிந்திருந்தது. 'மிஷின் நின்னா கை நிக்கணும்னு சட்டமா?' என்று கேட்டார். பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இங்கே இன்னொன்றும் நடந்தது. பாறையில் மூன்றடி வந்ததும், 'இது போதும் முதலாளி, கான்கிரீட் போட்டுக் கட்டிடலாம்' என்றார் மேஸ்திரி. காரியம் சீக்கிரம் முடிகிறதே என்று எங்களில் நாலு பேர் தலையாட்டினோம். மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது பொது விதி. ஒன்பது மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், கிட்டத்தட்ட ஐந்தடி. அதில் இரண்டடியைத் திருடினால் காற்று ஒருநாள் கணக்குக் கேட்கும். அந்தக் காற்று இரண்டே மாதத்தில் எங்கிருந்து வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கரிசல் மண் குழிகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். எடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி மூடினால் இரண்டு பருவத்தில் கம்பம் தள்ளாட ஆரம்பிக்கும். நம் ஊர்ச் சாலைகளில் சாய்ந்து நிற்கும் கம்பங்களைப் பார்த்தாலே தெரியும். சரளை போட்டு, அடுக்கடுக்காக இடித்து, திருப்பத்தில் நிற்கும் கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்ட வேண்டும். கான்கிரீட் கம்பத்தை லாரியிலிருந்து உருட்டித் தள்ளுவதும் கூடாது. உள்ளே மயிரிழை போல விரிசல் விடும். எங்களுக்கு வந்த ஏழில் ஒன்றை அப்படித்தான் திருப்பி அனுப்பினோம்.

கசிந்த எண்ணெய்

அக்டோபர் 12 அன்று டிரான்ஸ்பார்மர் வந்தது. பூ வைத்து இறக்கினோம். மறுநாள் காலை பார்த்தால் அடியில் எண்ணெய்த் திட்டு. வழியில் லாரி குலுங்கியதில் கேஸ்கட் விலகியிருக்கிறது. 'கொஞ்சம் ஆயில் ஊத்தினா சரியாகிடும்' என்றார் ஒப்பந்தக்காரர்.

மளிகைக்காரனுக்கு எண்ணெயில் சந்தேகம் வந்தால் விடமாட்டான். டின் எடை குறைந்தால் நாம் சும்மா இருப்போமா? விசாரித்ததில் விஷயம் புரிந்தது. எண்ணெய் வெளியே வரும் வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போகும். டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்கு இரண்டு வேலை: சூட்டை வெளியேற்றுவது, மின்சாரம் தாவாமல் தடுப்பது. ஈரம் கலந்தால் இரண்டாவது வேலை கெட்டுவிடும். இதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் எண்ணெயை வைத்து, எத்தனை கிலோவோல்ட் வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். 30க்குக் கீழே வந்தால் ஏற்கக் கூடாது. எங்கள் எண்ணெய் 18இல் பொறி தட்டியது.

அப்படியே மேலே ஏற்றிச் சார்ஜ் செய்திருந்தால்? ஒருவேளை ஓடியிருக்கும், ஒருவேளை முதல் மழையிலேயே சுருள் வெந்திருக்கும். அந்த 'ஒருவேளை'க்கு நாம் லட்சங்களைப் பணயம் வைக்க முடியாது. கேஸ்கட் மாற்றி, எண்ணெய் வடிகட்டும் இயந்திரம் வாடகைக்கு எடுத்தோம். இரண்டாம் நாள் அந்த இயந்திரத்தின் ஹீட்டர் போயிற்று! நோயாளியைப் பார்க்க வந்த வைத்தியருக்கே காய்ச்சல். எல்லாம் முடிந்து எண்ணெய் மறு சோதனையில் தேறும்போது அக்டோபர் 27.

டிரான்ஸ்பார்மரில் சிறு கண்ணாடிக் குடுவை ஒன்று தொங்கும். அதற்குள் இருக்கும் மணிகள் நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். தெருவில் நின்றே பார்க்கலாம். உங்கள் கடைக்குப் பக்கத்தில் இருப்பதையும் போகிற வழியில் ஒரு பார்வை பாருங்கள். நிறம் மாறியிருந்தால் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். சொல்வதற்குக் காசு இல்லை.

நவம்பர் முதல் தேதி மின்சாரத்துக்குப் பதில் வடகிழக்குப் பருவமழை வந்தது. டிரான்ஸ்பார்மரைத் தூக்கி வைக்க வந்த கிரேன் கரிசல் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. அதை இழுக்க இரண்டு டிராக்டர். கிரேனுக்குச் சும்மா நின்ற வாடகை, டிராக்டருக்கு இழுத்த வாடகை. அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தச் சீட்டில் இல்லை. பாதிக்குப் பாதி என்று முடித்தோம்.

எதிர் வீட்டு பல்ப்

தீபாவளிக்குப் பலகார மாவும் பருப்பும் போயாக வேண்டும். அக்டோபர் கடைசியிலேயே ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கட்டிட வேலைக்காக வாங்கியிருந்த தற்காலிக இணைப்பு ஒன்று குடோனில் இருந்தது. வயர்மேன் பையன் கெட்டிக்காரன். ஜெனரேட்டர் வயரையும் அதே பலகையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். கரண்ட் இருந்தால் அது, போனால் இது. மாற்று சுவிட்ச் வாங்க நேரமில்லை, தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு மழை நாள் மாலை. மரக்கிளை விழுந்து தெருக் கம்பி அறுந்து, மின்சாரம் போயிற்று. எங்கள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மிஷின் அரைத்துக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து லைன்மேன் ஒருவர் நனைந்தபடி உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

'ஜெனரேட்டரை எதுல சேர்த்திருக்கீங்க?'

பலகையைக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். பிறகு வெளியே கூட்டிப்போய் எதிர் வீட்டைக் காட்டினார். அதுவரை மங்கலாக எரிந்துகொண்டிருந்த பல்ப் அணைந்திருந்தது.

'டிரான்ஸ்பார்மர்ல பியூஸைப் புடுங்கிட்டுத்தான் வந்தேன். ஏணி சாத்தி ரெண்டு படி ஏறிட்டேன். தெருவே இருட்டா இருக்க, இந்த ஒரு வீட்டுல மட்டும் என்ன வெளிச்சம்னு திரும்பிப் பார்த்தேன். பார்க்காம கம்பியைத் தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும் முதலாளி? எனக்கு ரெண்டு புள்ளைங்க.'

நாங்கள் ஆறு பேரும் தலைகுனிந்து நின்றோம். சொல்வதற்கு என்ன இருக்கிறது?

நடந்தது இதுதான். மின்சாரம் தெருவிலிருந்து கடைக்கு வரும் அதே வயர் வழியாக, கடையிலிருந்து தெருவுக்கும் போகும். வழக்கமாக ஊரின் சுமை முழுவதும் ஏறினால் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும், அல்லது பிரேக்கர் விழுந்துவிடும். அன்று கம்பி அறுந்து எங்கள் குடோனும் எதிர் வீடும் மட்டும் தனித் துண்டாக நின்றதால், அது சுகமாக ஓடியது. இன்னொரு பயங்கரமும் உண்டு. டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரியாது. 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கும் அதே பெட்டி, தாழ்வழுத்தப் பக்கத்தில் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறினால் அதை மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். அங்கே மூன்று கம்பம் தள்ளி யார் ஏறி நிற்கிறார்களோ!

ஜெனரேட்டரோ பெரிய இன்வெர்ட்டரோ வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரரும் இன்றே பலகையைப் போய்ப் பாருங்கள். நடுவில் ஒரு மாற்று சுவிட்ச் இருக்க வேண்டும். ஒன்று ஈ.பி., அல்லது ஜெனரேட்டர். இரண்டும் சேர வழியே இருக்கக் கூடாது. நியூட்ரல் கம்பியும் சேர்ந்தே மாற வேண்டும். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைக் கொண்டு சுவர்ப் பிளக்கில் சொருகும் வழக்கம் சில சந்தைக் கடைகளில் உண்டு என்று கேள்விப்படுகிறோம். அதைச் செய்கிறவர் யாராக இருந்தாலும், நம் உறுப்பினராகவே இருந்தாலும், நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக மாற்று சுவிட்ச் வாங்கிப் பூட்டினோம்.

கஜா அடித்தபோது

தீபாவளி முடிந்து, சேறு காய்ந்து, டிரான்ஸ்பார்மர் மேடை ஏறியது. இன்னும் பத்து நாள் வேலை என்றார்கள். நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் நிலைகுலைந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. தமிழகம் முழுவதிலுமிருந்து மின் ஊழியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். கேரளத்திலிருந்தும் வந்தார்கள். எங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், கிரேன், கம்பி இழுக்கும் சாமான் எல்லாம் ஒரே இரவில் டெல்டாவுக்குப் போய்விட்டன. இரண்டு நாள் கழித்து ஜெனரேட்டர்காரரும் வந்தார். அங்கே ஊர் ஊராகத் தண்ணீர்த் தொட்டி ஏற்ற ஜெனரேட்டர் கேட்கிறார்கள், எனக்கு என் சாமான் வேண்டும் என்றார். வாடகைச் சீட்டில் எத்தனை நாளுக்கு என்று நாங்கள் எழுதி வாங்கவில்லை. கொடுத்துவிட்டோம்.

குடோனில் வெங்காயம் இருந்தது, ஆனால் காற்றாடி சுற்றவில்லை. அடைமழையில் ஈரக் காற்று. ஆட்களை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் குவியலைப் புரட்டிப் போட்டோம். பழைய காலத்துப் பட்டறை முறைதான். அப்படியும் பதினோரு மூட்டை அழுகிப் போயிற்று.

ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் பிடிக்க ஒரு வரி இருந்தது. எங்களில் இளையவர் அதைப் பிடிக்க வேண்டும் என்றார். இன்னொருவர் வக்கீல் நோட்டீஸ் வரை போனார். அந்த வாரமே அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய், தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு லாரி பட்டுக்கோட்டைப் பக்கம் போயிற்று. அபராதம் கேட்ட இளையவரும் கூடப் போனார். திரும்பி வந்தவர் இரண்டு நாள் பேசவில்லை. தென்னந்தோப்பு முழுக்கத் தலைகீழாகக் கிடந்ததைப் பற்றி மட்டும் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனவர்களில் ஒருவர் எங்கள் குடோனில் கம்பம் நட்ட பையன் என்றார். அபராதப் பேச்சு அத்துடன் நின்றது. எங்கள் ஏழு கம்பமும் அன்றைய காற்றில் அசையாமல் நின்றன என்பதையும் எழுத வேண்டும். நமக்குக் கிடைத்தது புயலின் ஓரக் காற்றுதான், அதனால் பெருமை பேசுவதற்கில்லை.

மாற்று வழி இல்லாத ஒற்றை வழி எவ்வளவு ஆபத்து என்பதற்கு உலகப் பெரிய ஊர்களே சாட்சி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரக் கடைவீதிக்கு நான்கு பெரிய கேபிள்கள் மூலம் மின்சாரம் போயிற்று. 1998 ஜனவரி 22 அன்று ஒன்று பழுதானது. மூன்று இருக்கிறதே என்றிருந்தார்கள். பிப்ரவரி 9 அன்று இரண்டாவது போயிற்று. எஞ்சிய இரண்டும் கோடைக்காலச் சுமையைத் தாங்க மாட்டாமல் பிப்ரவரி 19, 20 என அடுத்தடுத்த நாளில் விழுந்தன. நகரின் நடுப்பகுதி ஐந்து வாரம் தவித்தது. ரயில் பாதை ஓரமாக அவசர அவசரமாக மேல்நிலைக் கம்பி இழுத்துத்தான் மீட்டார்கள். கடைக்காரர்கள் நடைபாதையில் ஜெனரேட்டர் வைத்து வியாபாரம் செய்தார்கள். ஐஸ்கிரீம் பெட்டிக்கு ஒரு இணைப்பு, கம்ப்யூட்டர் தராசுக்கு அதே இணைப்பு, அவசர விளக்குக்கும் அதே இணைப்பு என்று வைத்திருக்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2012இல் வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது கைத்தராசும் எடைக்கல்லும் வைத்திருந்த கடைகள்தான் தடுமாறாமல் நடந்தன.

சீட்டில் எழுத வேண்டியவை

வேலை ஒப்பந்தம் இரண்டு பக்கமாவது இருக்கட்டும். இயந்திரம் பழுதானால் எத்தனை நாளுக்குள் மாற்று கொண்டுவர வேண்டும், சும்மா நிற்கும் நாளுக்கு வாடகை யாருடையது, மழை, புயல் வந்தால் எத்தனை நாள் தள்ளுபடி என்று எழுதுங்கள். பணத்தைத் தேதிக்குத் தராதீர்கள், முடிந்த வேலைக்குத் தாருங்கள். கம்பம் நின்றால் இவ்வளவு, எண்ணெய்ச் சோதனை தேறினால் இவ்வளவு, சார்ஜ் ஆனால் இவ்வளவு. பத்தில் ஒரு பங்கையாவது சார்ஜ் ஆகி ஒரு மாதம் ஓடும் வரை பிடித்து வையுங்கள். வாங்கும் சாமானுக்கெல்லாம் ரசீதும் சோதனைச் சான்றிதழும் உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்களுக்கு டிரான்ஸ்பார்மர் கேஸ்கட் செலவு திரும்பி வந்ததற்குக் காரணம், இறக்கிய மறுநாளே எண்ணெய்த் திட்டைப் போட்டோ எடுத்து எழுத்தில் அனுப்பியதுதான்.

பேரேட்டில் இதற்கென்று தனிப் பக்கம் போடுங்கள். என்ன பழுது, எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார், எப்போது சரியானது. கடைசியில் பேச்சுவார்த்தை என்று உட்காரும்போது கல்லாப் பணத்தை விட அந்தப் பக்கம் பலமாகப் பேசும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நாம் சுணக்கமாகவே இருக்கிறோம். மின் சாமான்கள் ஏற்றி நிறுத்தும் காலத்துக்கென்றே பாலிசி உண்டு. இயந்திரப் பழுதுக்கும் உண்டு. குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் நின்று சரக்கு கெட்டால் அதற்கும், இயந்திரப் பழுது பாலிசியுடன் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர்களுக்கான கூட்டுப் பாலிசியில் தீ, திருட்டுடன் மின் சாதனங்களையும் சேர்க்க முடியும். எங்கள் பதினோரு மூட்டைக்கு ஒரு பைசா வரவில்லை, ஏனெனில் நாங்கள் எடுத்தது வெறும் தீ பாலிசி.

வாரியத்தின் தரப்பில் தாமதம் என்றால் கோபப்பட்டுப் பயனில்லை, எழுதிக் கொடுக்க வேண்டும். இணைப்பு தரவும் பழுது நீக்கவும் காலவரம்பு விதிகள் உண்டு. புதிய கம்பியும் டிரான்ஸ்பார்மரும் தேவைப்படும் இணைப்புக்குக் காலம் கூடுதல். 2021 முதல் சென்னையில் இயங்கும் மின்னகம் எண் 94987 94987இல் எந்நேரமும் புகார் பதியலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் மின் வட்டத்துக்கு ஒரு நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் பெரம்பலூர் வட்டம்.

மார்கழியில் ஓடிய மீட்டர்

டிசம்பர் 10க்கு மேல் ஆட்கள் திரும்பினார்கள். கறுத்து இளைத்திருந்தார்கள். கம்பி இழுத்து முடித்து, வயரிங்கை மெகர் வைத்துச் சோதித்தார்கள். 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும்போது குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். இரண்டு சுற்று தேறியது, மூன்றாவது சுற்று 0.3இல் நின்றது. ஒரு நாள் முழுவதும் தேடி, கடைசியில் பெயர்ப்பலகை மாட்ட அடித்த ஆணி ஒன்று சுவருக்குள் குழாயைத் துளைத்து வயரைத் தொட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆணி அடித்தது நாங்கள்தான்! சார்ஜ் செய்திருந்தால் தகரப் பெயர்ப்பலகையில் கரண்ட் நின்றிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானைக் கூடுதல் செலவு என்று முதலில் அடித்துவிட்டிருந்தோம். அதையும் அன்றே எழுதிச் சேர்த்தோம்.

அரியலூர் உறுப்பினர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஆலைகளுக்கும் லாரிப் பாதைக்கும் பக்கத்தில் சிமெண்ட் தூசு பீங்கான் இன்சுலேட்டர்மீது படிந்து, மார்கழிப் பனியில் நனைந்து இறுகும். அதிகாலையில் கம்பத்தில் 'சர்ர்' என்ற சத்தம் கேட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். மேலே இருப்பதை வாரிய ஆட்கள் லைன் நிறுத்தித் துடைக்க வேண்டும், நாம் தொடக் கூடாது. ஆனால் நம் கடைப் பலகைக்குள்ளும் அதே தூசு போகிறது. வருடம் ஒருமுறை மெயினை நிறுத்தி, வயர்மேனைக் கொண்டு ஊதித் துடைத்து, தளர்ந்த திருகுகளை முடுக்கச் சொல்லுங்கள். மாவுத் தூசு பறக்கும் கடைகளில் வருடம் இருமுறை.

டிசம்பர் 19 அன்று சார்ஜ் செய்தார்கள். மார்கழியில் திறப்பு விழா கூடாது என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டதால் 'சோதனை ஓட்டம்' என்று பெயர் வைத்து மிஷினை ஓட்டினோம். தை பிறந்து பால் காய்ச்சினோம். லைன்மேனையும் கம்பம் நட்ட பையனையும் கூப்பிட்டிருந்தோம், இருவரும் வந்தார்கள். முதலில் அரைத்தது ஒரு மூட்டை உளுந்து.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்து மணி வரை என்று முதல் நாள் பேப்பரிலேயே போட்டிருந்ததாம். நாங்கள் பார்க்கவில்லை. மூத்தவர் எழுந்துபோய் மாற்று சுவிட்சைத் திருப்பிவிட்டு வந்தார்.